ஏதேனும் ஒரு பட்டம்

பொதுத்துறை வங்கிகளின் அதிகாரிப் பணிக்கான அறிவிப்பில் கல்வித் தகுதியைச் சொல்லும் பகுதி மிகச் சிறியது. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், வயது 20க்கும் 30க்கும் இடையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வணிகவியல் படித்தவரும், விலங்கியல் படித்தவரும், என்னைப் போல இயந்திரப் பொறியியல் படித்தவரும் அந்த ஒரே வரியின் பலத்தில்தான் உள்ளே வருகிறோம். நான் வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. படித்தது ஒன்றாகவும் பார்ப்பது வேறாகவும் இருப்பதைப் பற்றி உறவுக்காரப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் தேர்வைப் பற்றி. எனக்குச் சொல்லத் தோன்றுவதெல்லாம் தேர்வுக்குப் பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி. துறை மாறுவது தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நடந்து முடிந்துவிடுவதில்லை என்பதும், புதிய துறையில் இரண்டாவது முறையாக அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்கு ஒருவர் எவ்வளவு காலம் சம்மதிக்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன என்பதும் என் எண்ணம்.

நான் பொறியியலில் சேர்ந்தது 2008இல். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் குறுக்கி, 200க்குக் கணக்கிட்ட கட்-ஆஃப்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் திரையில் ஓடிக்கொண்டிருந்த இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே, அப்பாவும் உடன் வந்திருந்த அவருடைய நண்பரும் சில நிமிடங்களில் பேசி முடிவெடுத்தார்கள். மெக்கானிக்கல் என்றால் என்றைக்கும் வேலை உண்டு என்பது அவர்கள் இருவருக்கும் இருந்த உறுதி. பதினேழு வயதில் எனக்கென்று தனி விருப்பம் இருந்ததாகச் சொன்னால் அது பின்னால் சேர்த்துக்கொண்ட கதையாகத்தான் இருக்கும். நான்கு ஆண்டுப் படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கினோம்.

படிப்பு முடிந்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் மென்பொருள் நிறுவனங்களை நோக்கிப் போனார்கள். என்னைப் போன்ற சிலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்குப் போய், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பயிற்சிப் பொறியாளர் என்ற பெயரில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தோம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வெர்னியர், கேஜ் என்ற அளவுக் கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரவுப் பணி பார்ப்பது எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் கையில் வந்த சம்பளத்தில் தங்குமிடச் செலவு போக மிஞ்சியதைக் கொண்டு கல்விக் கடனை அடைக்க வழியில்லை. வங்கித் தேர்வை நோக்கி என்னைத் தள்ளியது இந்தக் கணக்குதான். ஒரு பொறியாளர் வங்கிக்கு ஏன் வருகிறார் என்று நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். தேசத்துக்குச் சேவை, நிதித் துறையில் ஆர்வம் என்று பயிற்சி மையங்கள் எழுதிக் கொடுக்கும் பதில்களைவிட இந்தப் பதில் நேர்மையானது. நான் இதைச் சற்றுப் பதமாகச் சொன்னேன். எதிரே இருந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை.

தேர்வைப் பற்றி ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான பொதுத்துறை வங்கிகளுக்கும் சேர்த்து, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத் தேர்வு 2011இல் தொடங்கியது. ஸ்டேட் வங்கி மட்டும் தன் தேர்வைத் தானே நடத்துகிறது. இப்போதுள்ள முறையில் முதல்நிலைத் தேர்வு 60 நிமிடத்தில் 100 கேள்விகள்: ஆங்கிலம், கணிதத் திறன், தர்க்கத் திறன். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். முதன்மைத் தேர்வில் பொருளாதாரமும் வங்கி நடைமுறையும் வந்தாலும், முதல் வடிகட்டல் முழுவதும் பள்ளிக் கணக்கின் வேகத்தில்தான் நடக்கிறது. நான்கு ஆண்டுகள் கணக்குடன் மல்லுக்கட்டிய பொறியியல் மாணவருக்கு இது சாதகம். ஐந்து ஆண்டுகள் கணக்கியல் படித்த எம்.காம். பட்டதாரி, ரயில் கணக்கிலும் வட்ட மேசைப் புதிரிலும் சறுக்கி வெளியே நிற்க, டெபிட் எது, கிரெடிட் எது என்றே தெரியாதவர் உள்ளே வருவதைப் பற்றி வணிகவியல்காரர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அது நியாயமானது என்றே நினைக்கிறேன். உள்ளே வந்தவர் தன்னை வென்றவராக எண்ணிக்கொள்ளாமல், கடன்பட்டவராக எண்ணிக்கொண்டு படிப்பதே அதற்குச் செய்யக்கூடிய குறைந்தபட்சப் பரிகாரம்.

எனக்கு முதலில் கிடைத்தது திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளை. பயிற்சி அதிகாரிக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சிக் காலம். பணப் பிரிவு, காசோலைப் பரிமாற்றம், வைப்புத்தொகை, கடன் என்று ஒவ்வொரு மேசையாக உட்கார வைப்பார்கள். வங்கியின் ஏட்டில் வாடிக்கையாளர் போடும் வைப்புத்தொகை பொறுப்பு. வங்கி கொடுக்கும் கடன்தான் சொத்து. புத்தகத்தில் இது ஒரு வரி. ஆனால் பணம் கையில் வந்தால் சொத்து என்றே இருபத்து மூன்று ஆண்டுகள் நினைத்துப் பழகிய மனம், வவுச்சர் எழுதும் ஒவ்வொரு முறையும் தயங்கி நின்றுதான் பழகுகிறது. விசையும் எதிர்விசையும் படித்தவனுக்கு இரட்டைப் பதிவுக் கணக்கு எளிது என்று யாரோ சொன்னார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

அந்தக் கிளையின் தலைமைக் காசாளர் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மையார். அவர் படித்தது இளங்கலைத் தமிழ் இலக்கியம். வாடிக்கையாளர் முன்னால் என்னை "சார்" என்பார். கதவடைத்த பிறகு "தம்பி" ஆகிவிடுவேன். பதவியில் நான் அவருக்கு மேல். வேலை தெரிந்தவர் அவர். "நீங்க என்ன படிச்சிருந்தா என்ன தம்பி, சாயங்காலம் கேஷ் டாலி ஆகணும்ல" என்று அவர் சொன்னதில் கிண்டல் பாதி, பாடம் பாதி. கையிருப்புப் பணமும் கணினியில் காட்டும் தொகையும் ஒரு ரூபாய் பிசகினாலும் அன்றைய கணக்கை முடிக்க முடியாது என்பதால், கிளை முழுவதும் காத்திருக்கும். கள்ள நோட்டைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பது, சிதைந்த நோட்டுக்கு எவ்வளவு மதிப்பு தரலாம் என்று பார்ப்பது, கைநாட்டு வைப்பவரின் கணக்கில் எதைக் கவனிப்பது என்று அவரிடம் கற்றவற்றுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டம் இல்லை. துறை மாறி வருபவர்களில் தடுமாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு அறிவு குறைவாக இருப்பதில்லை. தன்னைவிடக் குறைந்த பதவியில் இருப்பவரிடம் கேட்பதற்குத்தான் கூச்சம்.

நிலப் பத்திரம் வாசிப்பதையும் அவரிடமே கற்றேன். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவை ஒன்றோடொன்று எங்கே ஒத்துப்போக வேண்டும், சர்வே எண் உட்பிரிவானபோது நான்கெல்லை எப்படி மாறியிருக்கும், பாகப்பிரிவினையில் கையெழுத்திடாத ஒரு சகோதரி பின்னால் எப்படி வந்து நிற்பார் என்பதையெல்லாம் பழைய கிரயப் பத்திரங்களை விரித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய இலக்கியப் படிப்பு அங்கே உதவியிருக்கலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பத்திர எழுத்தர் நடையை மூச்சு விடாமல் வாசிப்பார். சட்ட வழக்கறிஞரின் கருத்துரை தனியாக வரும் என்றாலும், அதைச் சரிபார்க்கத் தெரியாத அதிகாரி அதற்குக் கீழே கையெழுத்து மட்டும்தான் போட முடியும்.

டெல்டாவில் வங்கி வேலை மேட்டூரைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஜூன் 12 அன்று அணை திறக்குமா என்ற செய்தியை விவசாயியைப் போலவே கடன் அதிகாரியும் கவனிக்க வேண்டும்; திறந்தால் குறுவைக்குக் கூட்டம் வரும், தள்ளிப்போனால் சம்பாவுக்குத்தான். கிசான் கடன் அட்டையின் வரம்பு, பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் நிர்ணயித்த தொகையைப் பரப்பளவால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைச் சொத்துப் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்த்து வருவது. 3 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதம்; உரிய காலத்தில் கட்டினால் அதில் 3 சதவீதம் திரும்பக் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் ஒழுங்காகக் கட்டினால் வட்டியே இல்லையே என்று வருபவர்கள் கேட்பார்கள், அதுவும் உண்மைதான். பெரும்பாலான கடன்கள் 90 நாள் நிலுவையில் வாராக்கடனாகிவிட, குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவங்கள் வரை விதி பொறுத்திருக்கிறது. இந்த விலக்கு ஏன் என்பது ஒரு மழைக்காலம் வயல் மூழ்கிப் பார்த்தால் புரியும். என் பட்டம் இங்கே எதற்கும் பயன்படவில்லை. இன்ஜின் எண்ணெய் பற்றி ஓரிரண்டு டிராக்டர்காரர்களுடன் பேச முடிந்தது, அவ்வளவே.

வேலையோடு படிப்பும் தொடர்ந்தது. இந்திய வங்கியாளர்களுக்காக 1928இல் தொடங்கப்பட்ட கழகம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளைப் பலர் ஊதிய உயர்வுக்காக மட்டும் எழுதுகிறார்கள். வணிகவியல் படித்தவர்களுக்கு அது போதும். வேறு துறையிலிருந்து வந்தவருக்கு அதுதான் உண்மையான பட்டப்படிப்பு. செலாவணி முறிச் சட்டம் 1881, சொத்து மாற்றச் சட்டம் 1882, காலவரையறைச் சட்டம் 1963 ஆகியவற்றை அப்போதுதான் பொருள் புரிந்து படித்தேன். ஒரு கடனுறுதிச் சீட்டின் (புரோநோட்டின்) மீது வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள்தான் அவகாசம், அதற்குள் கடனாளியிடம் ஒப்புகைக் கடிதம் வாங்கினால் காலம் புதிதாகத் தொடங்கும் என்பதைப் பாடமாகப் படித்த வாரத்திலேயே, அப்படி வாங்க வேண்டிய கோப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன அனுபவம் எந்தக் கல்லூரியும் தராதது.

ஆறுதலுக்காகச் சொல்லப்படும் உதாரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் டெல்லி ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தவர். 2018 முதல் 2024 வரை ஆளுநராக இருந்த சக்திகாந்த தாஸ் வரலாறு படித்தவர். இதைச் சொல்லி, படிப்பில் என்ன இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். ராஜன் அதன் பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார் என்பதையும், தாஸ் ஆளுநராவதற்கு முன் இந்திய ஆட்சிப் பணியில் பல பத்தாண்டுகள் இருந்து, நிதித் துறையில் உயர் பொறுப்புகளை வகித்தார் என்பதையும் அந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை. முதல் பட்டம் தடையில்லை என்பதற்கு மட்டும் அவர்கள் சான்று. இரண்டாவது கற்றல் தேவையில்லை என்பதற்கு அவர்களை இழுப்பது சரியல்ல.

கடன் மேசையில் உட்கார்ந்தபோது எனக்கு நெருக்கமாகப் பட்டது கல்விக் கடன் பிரிவு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணையமோ, மாணவர் தன் பங்காகப் போடும் தொகையோ கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டலாம். வாராக்கடன் பட்டியலில் பொறியியல் பட்டதாரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அவர்களில் ஏமாற்ற நினைத்தவர்கள் மிகச் சிலர். பலருக்குத் தவணை தொடங்கும் நேரத்தில் வேலை தொடங்கவில்லை என்பதுதான் சிக்கல். வேலை கிடைத்தவர்களும் படித்த துறைக்கு வெளியே, குறைந்த சம்பளத்தில் இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசும்போது அவர்களின் தந்தையர் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். என் சொந்தக் கல்விக் கடனின் தவணையும் அதே மாதம் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கடனில் படித்த படிப்பைவிட்டு வேறு துறைக்குப் போவதைப் பணத்தை வீணடிப்பதாக உறவினர்கள் பேசுவதுண்டு. வங்கியின் கணக்கில் எந்தத் துறையில் சம்பாதித்துக் கட்டினாலும் அது ஒழுங்கான கடன்தான். இந்த விஷயத்தில் நான் வங்கியின் பக்கம்.

பொறியியல் எனக்குத் திரும்பக் கிடைத்தது கோயம்புத்தூருக்கு மாற்றலாகி, சிறு தொழில் கடன்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பகுதிகளில் பம்பு நிறுவனங்களுக்கும் ஜவுளி இயந்திர நிறுவனங்களுக்கும் ஜாப் ஆர்டர் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரமான சி.என்.சி. லேத் வாங்கக் கடன் கேட்டு வந்த ஒருவரின் திட்ட அறிக்கையில், இரண்டு ஷிஃப்டில் நாளொன்றுக்கு 300 உதிரிபாகங்கள் என்று விற்பனை கணக்கிடப்பட்டிருந்தது. ஒரு பாகத்துக்கு நான்கு நிமிடம் என்று அவரே சொல்லியிருந்தார். மணிக்கு 15 என்றால், 16 மணி நேரம் இயந்திரம் ஒரு கணமும் நிற்காமல் ஓடினாலும் 240தான் வரும். செட்டிங் நேரமும் டூல் மாற்றும் நேரமும் போனால் இருநூறைத் தாண்டுவதே கடினம். கேட்டபோது, "அது ஆடிட்டர் போட்டதுங்க சார்" என்று சிரித்தார். சிறு தொழிலின் நடைமுறை மூலதனக் கடனை எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் என்று ரிசர்வ் வங்கியின் நாயக் குழு பரிந்துரைத்த முறையில் கணக்கிடுவதால், விற்பனையைக் கூட்டிக் காட்டினால் கடனும் கூடும், வட்டிச் சுமையும் கூடும். எண்ணிக்கையைக் குறைத்து எழுதி, தவணைக் காலத்தை நீட்டிப் பரிந்துரைத்தேன். அவருக்கும் அது ஏற்புடையதாக இருந்தது.

அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்து வந்த கோப்புகள் அதை அளவோடு வைத்தன. பட்டறைகள் தடுமாறுவது இயந்திரம் ஓடாததால் அல்ல. ஓடிச் செய்த பொருளுக்குப் பணம் வராததால். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தாலும் அவரைக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பட்டறைக்காரர் வாய்மூடி இருப்பார். இப்போது நான் ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் விற்பனை ஏட்டில் யாரிடமிருந்து எத்தனை நாளாக வரவேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்கிறேன். எப்போது இப்படி மாறினேன் என்று தெரியவில்லை. துறை மாறி முடிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பணியாணை வந்த தேதி அதற்குச் சில ஆண்டுகள் முந்தையது.

இந்த வழியில் இழப்புகளும் உண்டு. எழுத்தர் பணிக்கு வருபவர் பெரும்பாலும் தன் மாநிலத்திலேயே இருக்கலாம். அதிகாரியை நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். என்னுடன் சேர்ந்தவர்களில் சிலர் வட மாநிலக் கிளைகளில் மொழி தெரியாமல் திணறி, பயிற்சிக் காலத்திலேயே, இடையில் விலகினால் கட்ட வேண்டிய ஒப்பந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வேறு தேர்வுக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொழிற்சாலையிலேயே தங்கிவிட்ட வகுப்புத் தோழர்கள் சிலர் இன்று உற்பத்திப் பிரிவுத் தலைவர்களாக என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். வாட்ஸாப் குழுவில் அவர்கள் பேசும் இயந்திரங்களில் பாதியின் பெயர் எனக்குத் தெரிவதில்லை. கேட்க வரும் பிள்ளைகளிடம் இதையும் சொல்கிறேன். சம்பளப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், ஏதேனும் ஒரு கிளையில் மாதத்தின் முதல் வாரத்தில், ஓய்வூதியம் வாங்க வருபவர்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

சென்ற மாற்றலில் என்னைத் திருப்பூருக்கு அனுப்பி, ஏற்றுமதிக் கடன் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் கொண்டுவரும், வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் உறுதிக் கடிதங்களுக்கு உலகம் முழுவதும் பொதுவான விதித்தொகுப்பான யூ.சி.பி. 600இல் 39 விதிகள் இருக்கின்றன. சரக்கு கப்பலேறிய 21 நாளுக்குள் ஆவணங்கள் வர வேண்டும். வங்கி ஐந்து வேலை நாளுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆவணத்தில் சரக்கின் விவரம் கடிதத்தோடு முரண்பட்டால் வெளிநாட்டு வங்கி பணம் தர மறுக்கலாம். என்னைவிட வயதில் மிக இளைய ஒரு பெண் அதிகாரி, உயிர்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர், எனக்கு முன்பிருந்தே அந்த மேசையைப் பார்த்துவருகிறார். மாலை நேரங்களில் அவருடைய மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கப்பல் ரசீதும் இன்வாய்ஸும் எங்கெங்கே ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.